மண் இறங்கும் இடம்

சதக்கத்துல்லா இருபத்தெட்டு வருஷம் கடலுக்கடியிலிருந்து மண் அள்ளியவர். வளைகுடாவில் எங்கே புதுத் துறைமுகம் கட்டினாலும், அதற்குக் கடலைத் தூர்வாரும் கப்பல் ஒன்றின் பம்ப் அறையில் அவர் இருப்பார். ஐம்பத்தேழாவது வயதில், ஒரு புரட்டாசி மாதம், இரண்டு பெட்டிகளோடும் தீராத முழங்கால் வலியோடும் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார்.

வந்து இறங்கியது கீழக்கரையில் இல்லை. அங்கே இருந்த வீட்டை மகள் ஹாஃபிஸாவுக்கு நிக்காஹின்போதே கொடுத்தாயிற்று. அங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அவர் மனைவி லத்தீபா, தன் வாப்பா விட்டுப்போன தென்னந்தோப்புக்குக் குடிவந்துவிட்டாள். பரமக்குடிக்குக் கிழக்கே, வைகையின் வடகரையில் மூன்று ஏக்கர். நடுவில் ஒரு ஓட்டு வீடு. ஆறு வருஷமாக அவள் அங்கே தனியாகத்தான் இருந்தாள்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். அவர் லீவில் வந்துபோன நாட்களை லத்தீபா ஒருதரம் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். மொத்தமாக மூன்று வருஷம்கூட வரவில்லை. அதனால் அவர் நிரந்தரமாக வந்து சேர்ந்த முதல் மாதம் இருவருக்குமே சங்கடமாகத்தான் இருந்தது. கப்பல் பழக்கத்தில் அவர் மூன்றரை மணிக்கே எழுந்து, இருட்டில் நாற்காலியைத் தட்டிவிடுவார். அடுப்படி அலமாரியில் இருந்த டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் பெயர் எழுதி ஒட்டினார்.

"இருவத்தேழு வருஷமா உப்பு எது, சீனி எதுன்னு தெரியாமலா மச்சான் நான் ஆக்கிப் போட்டேன்?" என்றாள் லத்தீபா.

"எனக்குத் தெரியணும்ல புள்ள" என்றார் அவர்.

அன்று மத்தியானம் அவருக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள்.

ஒருநாள் லத்தீபாவோடு தோப்பைச் சுற்றிப் பார்க்கப் போனவர் ஆற்றோரம் வந்ததும் நின்றுவிட்டார். அந்த இடத்தில் வைகை தெற்கிலிருந்து வளைந்து வந்து, நேரே தோப்பின்மேல் முட்டிக் கிழக்கே திரும்புகிறது. அப்போது ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் கரை, கத்தியால் வெட்டிய மாதிரி இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. ஓரத்துத் தென்னைகளின் வேர் பாதி காற்றில் தொங்கியது.

"போன தரம் நான் வந்தப்ப இங்கன இன்னும் ஒரு வரிசை இருந்துச்சே."

"நாலு மரம் போயிருச்சு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒண்ணு கேக்குது" என்றாள் லத்தீபா. "வாப்பா கையால வச்ச மரம்."

அன்றிலிருந்து சதக்கத்துல்லாவுக்கு உயிர் வந்துவிட்டது. முழங்கால் வலியைப் பற்றிய பேச்சே இல்லை. டேப் பிடித்து அளந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஆற்றை வரைந்தார். திருப்பத்தில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடும், மண்ணைத் தின்னும். உள்பக்கம் மெதுவாக ஓடும், தின்றதைக் கக்கும் என்று லத்தீபாவுக்கு விளக்கினார். கரையிலிருந்து ஆற்றுக்குள் கொஞ்சம் சாய்வாக ஒரு தடுப்பு நீட்டினால் போதும், நீரோட்டம் தோப்பைத் தொடாமல் விலகிப் போய்விடும் என்றார். உரச்சாக்குகள் வாங்கி வந்தார். தோப்பின் மேட்டு மண்ணை வெட்டிச் சாக்கில் நிரப்பினார்.

இரண்டாம் நாளே அக்கரையிலிருந்து மணலில் நடந்து வந்துவிட்டார்கள் இருளம்மாளும் அவள் புருஷன் உக்கிரபாண்டியும். ஆற்றுக்கு அந்தப்பக்கம், வளைவின் உள்பக்கத்தில், அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர். அந்த வருஷம் அது முழுக்கவும் குண்டுமிளகாய் போட்டிருந்தார்கள். இந்த ஆறு வருஷத்தில் லத்தீபாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், பாம்பு வந்தாலும், போர் மோட்டார் நின்றுபோனாலும் முதலில் வந்து நின்றது இருளம்மாள்தான். லத்தீபாவை அவளும் புருஷனும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அதனால் உக்கிரபாண்டிக்கு சதக்கத்துல்லா மச்சான் ஆகிவிட்டார்.

"வீட்டுக்குள்ள ஒரு மச்சான், ஆத்துக்குள்ள ஒரு மச்சான். யாரு கூப்புடுறாகன்னே தெரியல" என்று சிரித்தார் அவர்.

"கொரலை வச்சுக் கண்டுபிடிங்க மச்சான். வேலை சொன்னா அக்கா, சும்மா கூப்புட்டா நானு" என்றார் உக்கிரபாண்டி.

நான்கு நாள் அவர்கள் இருவரும் கூட நின்று மூட்டை கட்டினார்கள். இருளம்மாள் மண் அள்ளிப் போட, லத்தீபா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். மூட்டைகள் கரையிலிருந்து முப்பதடிக்கு ஆற்றுக்குள் நீண்டு, நெஞ்சு உயரத்துக்கு எழும்பின.

கடைசி நாள் சாயந்திரம் அக்கரைக்காரர்கள் போன பிறகு லத்தீபா கேட்டாள்.

"தண்ணி இங்கன முட்டாம எங்கன போகும் மச்சான்?"

"நடு ஆத்துக்கு."

"நடு ஆத்துக்கு அங்கிட்டு?"

அவர் குனிந்து ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். "அது மெதுவாப் போற பக்கம் புள்ள. ஒண்ணும் ஆகாது."

சொல்லும்போதே அவருக்குள் ஏதோ தட்டியது. பம்பில் சின்னக் கல் ஒன்று மாட்டினால் வரும் சத்தத்தை எத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் பிடித்துவிடுகிறவர் அவர். ஆனால் அவர் வேலை பார்த்த இடங்களில் எதிர்க்கரை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒருபக்கம் கரை, மறுபக்கம் கடல். தள்ளிவிட்டது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. அவர் அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்.

ஐப்பசி பாதியில் மேற்கே நல்ல மழை. பார்த்திபனூர் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று விடியும்போதே போனில் செய்தி வந்தது. பத்து மணிக்கு ஆறு வந்தது. முதலில் வறண்ட மணலை நக்கிக்கொண்டு ஒரு நுரைக்கோடு. அதன்மேல் கருவைச் சுள்ளி, ஒற்றைச் செருப்பு, தெர்மகோல் துண்டுகள். மத்தியானத்துக்குள் இரண்டு கரையும் தொட்டு, சாயம்போன காவி நிறத்தில் ஓடியது.

தடுப்பு நின்றது. தண்ணீர் மூட்டைகளில் மோதி, முறுக்கிக்கொண்டு, தோப்பை விட்டு விலகி ஓடியது. ஓரத்துத் தென்னைகளுக்குக் கீழே குளம்போல அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்தது. சதக்கத்துல்லா அதை வீடியோ எடுத்து ஹாஃபிஸாவுக்கு அனுப்பினார். ஒரு பாட்டிலில் ஆற்றுத்தண்ணீரை மொண்டு வைத்தார். மத்தியானத் தொழுகை லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது.

பிறகு கிணற்றடியில் கிடந்த ஒரு பழைய இரும்புக் குழாயை எடுத்துவந்தார். கரையோரம் அதை ஆற்றுக்குள் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இங்க வா புள்ள. காதை வையி."

லத்தீபா முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு காதை வைத்தாள். உள்ளே விடாமல் ஒரு சரசரப்பு. அதன் நடுவே அவ்வப்போது டிக், டிக் என்று ஒரு தட்டல்.

"சொளவுல ஜவ்வரிசி பொடைக்கிற மாதிரி இருக்கு."

"அது மணலு. டிக்குன்னு கேக்குறது கல்லு. கப்பல்ல நாங்க இப்படித்தான் பைப்புல காது வச்சு என்ன போகுதுன்னு சொல்லுவோம். ஆத்துல தண்ணி மட்டும் போகுதுன்னு நினைக்காத. தரையே போகுது. இப்ப இறங்குனா ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். வடிஞ்சப்புறம் வந்து பாத்தா முழங்கால் ஆழம்தான். தோண்டும், திரும்ப ரொப்பிரும்."

அவள் காதை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் போனில், சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்று கேட்ட நேரமெல்லாம் இந்த மனுஷன் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. குழாயின் ஒரே முனையில் இருவரும் மாறி மாறிக் காது வைத்தார்கள். அவர் தாடி அவள் கன்னத்தில் பட்டது. வெகுநேரம் யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடியத் தொடங்கியது. சாயந்திரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம், அக்கரையில் தொம்மென்று ஒரு சத்தம். லத்தீபா ஓடிப்போய்ப் பார்த்தாள். எதிர்க்கரை ரொட்டி பிட்டு விழுகிற மாதிரி துண்டு துண்டாக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டின்மேலும் கணுக்கால் உயர மிளகாய்ச் செடிகள், வரிசை கலையாமல். கரையோரம் நின்ற முருங்கை மரம் நின்றவாக்கிலேயே பத்தடி தூரம் நகர்ந்துபோய்ப் பிறகு சாய்ந்தது. இருளம்மாள் வயல் நடுவில் நின்றிருந்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் லத்தீபாவுக்குப் போன் வந்தது. இருளம்மாள்தான்.

"முப்பதடிக்கு உள்ள வந்திருச்சுக்கா. ஆத்தோரத்துச் செடி பூராவும் போச்சு. சரி, ஆத்துக்கு என்ன புத்தியோ, இந்த வருசம் இங்கிட்டுத் திரும்பிருச்சு. உங்க மரமெல்லாம் நிக்கிதுல்ல? அதுவரைக்கும் நல்லது."

போனை வைத்துவிட்டு லத்தீபா வந்து புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். உங்க மூட்டைதானே?"

இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இருந்தது. வெள்ளம் பெரிசு, மேலே மணல் அள்ளின குழியெல்லாம் இருக்கிறது, காரணத்துக்கா பஞ்சம்.

"ஆமா" என்றார்.

"கட்டும்போதே தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. நீ கேட்டப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பவே நின்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல."

லத்தீபா அவரைத் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்: "காலையில போயி நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அவ என்னையத் தேத்த ஆரம்பிச்சிருவா."

ஆற்றில் தண்ணீர் ஓடியதால் பாலம் சுற்றித்தான் போக வேண்டும். ஏழு கிலோமீட்டர். டி.வி.எஸ். வண்டியில் போகும்போது வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. உக்கிரபாண்டி மிஞ்சிய செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இருளம்மாள், விழுந்த கரையோரம் வேர் தெரியக் கிடந்த செடிகளைப் பிடுங்கிக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போட்ட தடுப்புதான் தண்ணியை இங்கிட்டுத் தள்ளிருச்சு" என்றார் சதக்கத்துல்லா. "ஆறு தானாத் திரும்பல. நான் திருப்பி விட்டேன்."

உக்கிரபாண்டி நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

இருளம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். "நாலு நாளு நானு அள்ளிப் போட்ட மண்ணு" என்றாள். "என் கையாலயே என் வயக்காட்டுக்குக் குழி வெட்டிக்கிட்டேனா?"

அவர் தலைகுனிந்து நின்றார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் அனுப்பி வச்சா."

இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆற்றைத் தாண்டி, தோப்புப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெயில்ல நிக்காதீங்க. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தார்.

வந்தவுடன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளை எடுத்து ஆற்றில் இறங்கினார். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. ஒவ்வொரு மூட்டையாகக் கிழித்து மண்ணை ஆற்றோடு விட்டார். லத்தீபா அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளத்துல உன் மரம் போகும் புள்ள. தெரியும்ல?"

"தெரியும். வெட்டுங்க."

மறுநாளும் வெட்டினார். மூன்றாம் நாள் காலையில் தோப்பு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. உக்கிரபாண்டி. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி மறுபக்கத்து மூட்டையை இழுக்க ஆரம்பித்தார். மத்தியானம் வரை பேச்சே இல்லை. ஒரு மூட்டை வழுக்கி சதக்கத்துல்லா முங்கி எழுந்தபோதுதான், "மச்சான், கடல்ல இருவத்தெட்டு வருசம் இருந்தீங்க, நீச்சல் தெரியாதா?" என்றார்.

"கப்பல்லதான்யா இருந்தேன்."

உக்கிரபாண்டி சிரித்துவிட்டார். கரையில் கயிறு பிடித்திருந்த லத்தீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தடுப்பு போய்விட்டது. ஆனால் மழைக்காலம் போகவில்லை. கார்த்திகைக்குமேல் இன்னொரு வெள்ளம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சதக்கத்துல்லா காலண்டர் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் எழுதவில்லை. இந்தக் கரையைக் காப்பாற்ற எதை வரைந்தாலும் அந்தக் கரையில் போய் இடித்தது.

லத்தீபாதான் கேட்டாள். "மேலத் திருப்பத்துல ஒரு கருவை மரம் வேரோட விழுந்து கெடக்குல்ல, அதுக்குப் பின்னால போயிப் பாத்தீங்களா?"

"என்ன இருக்கு?"

"வாங்க, காட்டுறேன்."

கரை வழியாகக் கால்மணி நேரம் நடந்தார்கள். பெரிய சீமைக்கருவை ஒன்று, கிளையும் முள்ளுமாக ஆற்றோரம் குறுக்கே கிடந்தது. அதற்குப் பின்னால் புத்தம்புது வண்டல், வெல்லப்பாகு ஊற்றி ஆறவைத்த மாதிரி பளபளவென்று விரிந்திருந்தது. சதக்கத்துல்லா ஆர்வத்தில் காலை வைத்தார். தொடைவரை உள்ளே போய்விட்டார். லத்தீபா ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அவரை இழுத்தாள். இழுக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பில் கை நழுவி அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வாரத்தில் அவள் அப்போதுதான் சிரித்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் பாத்திருக்கேன்" என்றாள், அவர் ஒருவழியாக மேலே ஏறியதும். "முள்ளு கெடக்குற எடத்துலதான் மண்ணு இறங்கும். தண்ணியை அது மறிக்கிறதில்ல. உள்ள விட்டு, அலைக்கழிச்சு, மெதுவா அனுப்புது. உங்களுக்கு மண்ணை இழுக்கத்தான் தெரியும். இறக்கத் தெரியாது."

அவர் உடம்பெல்லாம் சேறாக அப்படியே நின்றார். "எங்க பைப்புல வேகம் கொறைஞ்சா மண்ணு அடியில உக்காந்து அடைச்சுக்கும். அதுதான் எங்களுக்குப் பயம். அது நடக்காமப் பாத்துக்கிறதுக்குத்தான் எனக்கு வேலையே. இருவத்தெட்டு வருஷம் மண்ணை எங்கயும் உக்காரவிடாம வெரட்டிக்கிட்டே இருந்திருக்கேன் புள்ள."

"இப்ப உக்காரச் சொல்லுங்க" என்றாள் லத்தீபா.

அடுத்த பத்து நாள் நான்கு பேரும் படல் கட்டினார்கள். சவுக்குக் கம்புகளை ஆழமாக நட்டு, கருவை முள்ளையும் தென்னை மட்டையையும் இடைவெளி விட்டுப் பின்னிக் கட்டிய வேலிதான் அது. அக்கரையில் ஐந்து, இக்கரையில் ஐந்து. எதுவும் ஆற்றுக்குள் எட்டடிக்குமேல் நீளக்கூடாது, எந்த இடத்திலும் தண்ணீர் அடைபடாமல் ஊடே போக வேண்டும் என்பது சதக்கத்துல்லாவின் கணக்கு. எந்த இடத்தில் நடுவது என்பதை மட்டும் லத்தீபாவும் இருளம்மாளும் சொன்னார்கள். எந்த வெள்ளத்தில் எங்கே தண்ணீர் சுழித்தது என்று அவர்களுக்குத்தான் நினைவிருந்தது. நீரோட்டம் முழங்காலுக்குக் குறைந்திருந்ததால் இருளம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே வந்துபோனாள். முள் குத்திக் குத்தி எல்லோர் கையும் வீங்கியது. லத்தீபா ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார, சதக்கத்துல்லா சின்னப்பிள்ளைபோல் கையை நீட்டிக்கொண்டு முனகுவார்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. முன்னதைவிடப் பெரிது. இரண்டு நாள் படல்கள் இருந்த இடமே தெரியவில்லை. இந்தத் தடவை அவர் வீடியோ எடுக்கவில்லை. கரையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லத்தீபா டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். இரண்டாம் நாள் காலை, கடைசி ஓரத்துத் தென்னை ஒன்று மெல்லத் தலைசாய்த்தது. மத்தியானம் இன்னொன்று. விழும்போது லத்தீபா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பழைய தடுப்பு இருந்திருந்தால் அந்த இரண்டும் நின்றிருக்கும். அது இருவருக்கும் தெரியும்.

வடிந்த பிறகு பார்த்தால் இக்கரையில் ஐந்தில் மூன்று படல் போயிருந்தது. மீதி இரண்டின் பின்னால் முழங்கால் உயரத்துக்கு மண் ஏறி, செங்குத்தாக நின்ற கரைக்கு ஒரு சரிவு கிடைத்திருந்தது. அக்கரையில் நான்கு நின்றன. அவற்றின் பின்னால், ஐப்பசியில் ஆறு கடித்து எடுத்த பள்ளம் பாதிக்குமேல் ரொம்பியிருந்தது. ஆற்றின் நடுவில் புதிதாக ஒரு மணல்திட்டு எழும்பி, தண்ணீர் அதன் இருபுறமும் இரண்டாகப் பிரிந்து ஓடியது. யாரும் கேட்காமல் ஆறே போட்டது அது.

உக்கிரபாண்டி போனில் கூவினார்: "மச்சான், இடுப்பளவு வண்டல்! கையில எடுத்தா நெய்யி மாதிரி வழியுது!"

பின்னால் இருளம்மாளின் குரல் கேட்டது. "அக்கா மரம் எத்தனை போச்சுன்னு கேளுங்க மொதல்ல."

தை மாதம் ஆறு காய்ந்து நடக்க வழி விட்டது. இருளம்மாள் புது வண்டலில் தட்டைப்பயறும் வெள்ளரியும் ஊன்றியிருந்தாள். மிளகாய் போனதற்கு அது ஈடாகாது. ஆனால் முளைத்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வாயடைத்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். லத்தீபாவும் சதக்கத்துல்லாவும் பாலத்தைச் சுற்றாமல் ஆற்றுக்குள் இறங்கியே போனார்கள்.

நடுத்திட்டு வந்ததும் அவர் நின்றார். திட்டின் ஓரம் தண்ணீர் அறுத்துவிட்டிருந்ததால் உள்ளே இருந்த மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அவர் முழங்கால் வலியோடு மண்டியிட்டு, விரலால் தொட்டுக் காட்டினார்.

"அடியில பாரு, பரு மணலும் கல்லும். இது வெள்ளம் முழு வேகத்துல வந்த அன்னைக்கு விழுந்தது. இதுக்கு மேல பொடி மணல். இது வடிய ஆரம்பிச்ச அன்னைக்கு. மேல இருக்கிற இந்த வண்டல் கடைசி நாள், தண்ணி நடக்கவே மாட்டாம நின்னப்ப இறங்குனது."

"நம்ம மரம் விழுந்தது இதுல எது?"

அவர் யோசித்து, கல்லுக்கும் பொடி மணலுக்கும் நடுவே விரலை வைத்தார். லத்தீபா அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதற்குக் கொஞ்சம் மேலே, நூல் கனத்தில் ஓடிய ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினாள்.

"இது என்ன சொல்லுங்க பாப்போம்."

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார். "தெரியலையே."

"கரித்தூளு. மேற்க கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுறாங்கள்ல, அதெல்லாம் ரெண்டாம் நாள்தான் கரைஞ்சு வரும். அன்னைக்கு நம்ம கெணத்துத் தண்ணியிலகூட ஒரு வாசம் வந்துச்சே, கவனிக்கலையா?"

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க மொகத்தத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தீங்க. அந்த நேரத்துல தண்ணி நாறுதுன்னா சொல்லுவாங்க?"

அவர் அந்தக் கறுப்புக் கோட்டை இன்னொரு தரம் தொட்டார். கம்பெனியிலிருந்து முந்தாநாள் மேனேஜர் போன் செய்திருந்தார், புதுத் துறைமுகம் ஒன்றுக்கு ஒரு வருஷம் மட்டும் வர முடியுமா என்று. லத்தீபாவிடம் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னார்.

அவள் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "என்ன சொன்னீங்க?"

"வர ஏலாதுன்னுட்டேன். வர்ற புரட்டாசிக்குள்ள இன்னும் எட்டுப் படல் கட்டணும். உக்கிரபாண்டிக்குக் கம்பு நேரா ஊனத் தெரியல."

லத்தீபா முக்காட்டைச் சரிசெய்தாள். முகத்தில் வந்ததை மறைக்க அவளுக்கு அது போதவில்லை. கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சபித்துக்கொண்டே எழுந்தார்.

அக்கரையிலிருந்து இருளம்மாள் இரண்டு கையையும் வாயருகே குவித்துச் சத்தம் போட்டாள். "அக்கா! கொழம்பு ஆறுது! ஆத்துக்குள்ள என்ன குடும்பம் நடத்துறீங்க ரெண்டு பேரும்?"

"வாரோம்டி!" என்று லத்தீபா பதிலுக்குக் கத்தினாள். ஈர மணலில் கால் புதையப் புதைய இருவரும் நடந்தார்கள்.